ஜூலையா, ஜனவரியா?

அன்புள்ள ஐயா,

சிறுவர் இதழ் ஒன்றுக்கு ஆல்ப்ஸ் மலை பற்றி இரட்டைப் பக்கப் படம் வரைகிறேன், வாட்டர்கலரில். பனிச்சரிவில் ஐபெக்ஸ் ஆடு அப்பா, அம்மா, குட்டியோடு நிற்கிறது. பக்கத்தில் ஒரு மார்மட் (வளை தோண்டி வாழும் அணில் இனப் பிராணி), வெள்ளை டார்மிகன் பறவை. முன்னால் வெள்ளை எடெல்வைஸ் பூவும் நீல ஜென்ஷியன் பூவும். எடெல்வைஸ் தாளோடு தாளாகக் கரைந்துபோகிறது. ரோமத்துக்கு எந்த பிரஷ், எந்த கம்பெனி வண்ணம் வாங்கலாம்?

க.

அன்புள்ள க.,

கம்பெனியை விடுங்கள், கையில் இருக்கும் வண்ணமே போதும். நனைத்தால் நுனி கூராக நிற்கிற பிரஷ் ஒன்று இருந்தால் ரோமம் வந்துவிடும். வெளிர் பூச்சு காய்ந்த பிறகு, முடி வளரும் திசையில், வயிற்று ஓரத்திலும் கழுத்திலும் மட்டும் இழுங்கள். ஐபெக்ஸுக்குக் கோடையில் ரோமம் குட்டை. உடம்பு முழுக்க முடி முடியாக வரைந்தால் கம்பளிப் பொம்மை ஆகிவிடும்.

எனக்குக் கவலை உங்கள் காலண்டரைப் பற்றித்தான். மார்மட் அக்டோபர் வாக்கில் வளைக்குள் போய், வாயிலை மண்ணும் கல்லும் வைத்து அடைத்துக்கொண்டு குடும்பத்தோடு தூங்கிவிடும். ஏப்ரலில் பனியைத் துளைத்துக்கொண்டு வரும். அப்போது எடெல்வைஸ் பூத்திருக்காது, அதற்கு ஜூலை ஆக வேண்டும். டார்மிகன் வெள்ளையாக இருப்பது குளிர்காலத்தில். ஜூலையில் அதன் முதுகு பாறை நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். உங்கள் பக்கத்தில் மூன்று பருவம் ஒரே நேரத்தில் நடக்கிறது.

அந்த ஆட்டுக் குடும்பம் அதைவிட மோசம். வளர்ந்த கிடாக்கள் கோடை முழுவதும் தனிக் கூட்டம், பெட்டைகள் குட்டிகளோடு வேறு கூட்டம். இணைசேர்வதற்காக டிசம்பர், ஜனவரியில் ஒன்றுகூடும். குட்டி பிறப்பதோ ஜூனில். அப்பா, அம்மா, பச்சைக்குட்டி என்று நம் வீட்டு வரவேற்பறைப் படத்தை ஆட்டின் தலையில் கட்டாதீர்கள். ‘சின்னப் பிள்ளைகளுக்குத்தானே’ என்பார்கள். பெரியவர்கள் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைதான் அந்தப் பக்கத்தை அரைமணி நேரம் பார்க்கும்.

ஆகவே ஜூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடாவை எடுத்துவிடுங்கள். பெட்டைக்குக் கொம்பு மெலிந்தது, ஒரு சாண் ஒன்றரைச் சாண் இருக்கும். ஒரு மீட்டர் வளைவும் முன்பக்கப் புடைப்புகளும் கிடாவுக்குத்தான். மாதிரிப் படம் தேடும்போது கிரான் பாரடீசோ என்று சேர்த்துத் தேடுங்கள். ஆல்ப்ஸ் ஐபெக்ஸ் அழியும் நிலையில் பிழைத்துக் கிடந்த இடம் அது; 1922இல் இத்தாலியின் தேசியப் பூங்கா ஆனது. வெறும் ‘ஐபெக்ஸ்’ என்று தேடினால் பாலைவனத்து நூபிய ஐபெக்ஸ் வந்து நிற்கும்.

எடெல்வைஸில் வெள்ளையாகத் தெரிவது இதழே இல்லை, பஞ்சு படர்ந்த இலைகள். நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, ஸ்கேல் வைத்த நட்சத்திரமாக வரையாதீர்கள். பூக்கள் நடுவில் நெருக்கமாக இருக்கும் மஞ்சள் குமிழ்களில் இருக்கின்றன. இலைகளைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, சுற்றியிருக்கும் பாறையை முதலில் அடர்சாம்பலில் பூசுங்கள். இலையின் அடியில் வெளிர் சாம்பல்பச்சை நிழல் ஒரு தொடுதல் போதும். வண்ணம் படாமல் இடத்தை மறைக்கிற ரப்பர் திரவமான மாஸ்க்கிங் ஃப்ளூயிட் போடுவதானால் பிரஷைச் சோப்பில் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் இறுகி பிரஷ் போய்விடும். ஈரத் தாளில் போட்டால் உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும்.

ஜென்ஷியனுக்கு நீண்ட காம்பு வேண்டாம். நீங்கள் நினைக்கிற பெரிய எக்காளப் பூ ஏறக்குறைய தரையிலேயே உட்கார்ந்திருக்கும். தொண்டைக்குள் பச்சைப் புள்ளிகள் உண்டு. அச்சில் அந்த நீலம் ஊதாவாகப் புரளும். அச்சு மையில் சயான் (நீலம்) 100 சதவீதம் என்றால் மெஜந்தா (இளஞ்சிவப்பு) 70ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள அச்சகத்தில் சொல்லுங்கள். ஓரம் வெட்ட 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், ஆட்டின் முகம் நடுமடிப்பில் விழக் கூடாது.

வெள்ளை டார்மிகனை அழிக்க மனம் வரவில்லையென்றால் ஜனவரி இதழுக்கு இன்னொரு படம் கேளுங்கள். கிடாவும் பெட்டையும் அதில் சேர்ந்தே நிற்கலாம், போன வருடக் குட்டியும் கூட வரலாம். மார்மட்டை மட்டும் தரைக்குக் கீழே, வளையை வெட்டிக் காட்டி, காய்ந்த புல்மெத்தையில் சுருண்டு கிடப்பதாக வரையுங்கள்.