நானோ பூச்சு அடித்தால் அம்மாவுக்குத் தொற்று வராதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார். வெளிச்சம் பட்டாலே கிருமியைக் கொல்லும் 'நானோ கோட்டிங்'கை அறை முழுக்க அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். 99.9 சதவீதம் செத்துவிடுமாம். அடிக்கலாமா டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. இந்தப் பூச்சுகளில் பெரும்பாலும் இருப்பது டைட்டானியம் டையாக்சைடு. வெள்ளை பெயின்டில் சேர்க்கிறார்களே, அதேதான்; துகள் மட்டும் மிகப் பொடி. புற ஊதாக் கதிர் பட்டால், காற்றிலுள்ள ஈரத்தையும் ஆக்சிஜனையும் கொண்டு வீரியமான மூலக்கூறுகளை அது உண்டாக்கும். அவை பாக்டீரியாவின் மேலுறையை அரித்துவிடும். ஜப்பானில் 1985-லேயே செய்து காட்டியதுதான்.

சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு எல்இடி பல்பில் புற ஊதாக் கதிர் அநேகமாகக் கிடையாது. செம்பு போன்றவற்றைச் சேர்த்து, சாதாரண வெளிச்சத்திலும் வேலை செய்யும்படி மாற்றிய ரகங்கள் உண்டு. அவையும் உடனே கொல்வதில்லை. பார்க்க வந்தவர் கட்டில் கம்பியைப் பிடிக்கிறார், இரண்டு நிமிடத்தில் அம்மா அதே இடத்தைப் பிடிக்கிறார். அதற்குள் பூச்சு என்ன செய்துவிடும்? தூசியோ, தலை எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் அதுவும் போச்சு. 99.9 என்பதிலும் மயங்காதீர்கள்: ஒரு லட்சம் கிருமியில் நூறு மிச்சம், அதுவும் ஆய்வகக் கணக்கு. விற்பவரிடம் ஐஎஸ்ஓ 17094 சோதனை அறிக்கை கேளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சத்தில் சோதிப்பதற்கான முறை அது. 27447-ஐ நீட்டினால், அது புற ஊதா விளக்கின் கீழ் எடுத்தது.

இன்னொன்று, அறுவைக் காயத்தில் வரும் தொற்று பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோலில் இருக்கும் கிருமியால்தான். சுவருக்குப் பூசி அதைத் தடுக்க முடியாது. பூச்சை ஸ்பிரே செய்யும்போது பறக்கும் நுண்துகளை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல.

அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். அம்மாவைத் தொடுமுன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கட்டில் கம்பி, சுவிட்ச், வாக்கர் பிடி இவற்றைத் தினமும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள் (சுவிட்சை மட்டும் மெயினை அணைத்துவிட்டு). காயத்தின் கட்டை மருத்துவர் சொன்ன நாளுக்கு முன் பிரிக்க வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும், தொற்றைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ், சிவப்பு பரவுதல், வலி கூடுதல், இவற்றில் எது வந்தாலும் அன்றே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.