பேரனின் விரலிடுக்கும் பாட்டியின் பாதமும்

கேள்வி: எனக்கு வயது 56. தண்டையார்பேட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மகன் குடும்பத்தோடு வசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு மாதங்களாக உடம்பெல்லாம் அரிப்பு. இரவில் படுத்தால் தோலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழேதான் அதிகம். குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றிப் பார்த்தேன். மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு நாலு நாள் கேட்கிறது, பிறகு பழைய கதைதான். உதிர்கிற துகள்களைத் தீப்பெட்டியில் சேர்த்து ஒரு மருத்துவரிடம் காட்டினேன், சிரித்துவிட்டார். மகன் ‘எல்லாம் பிரமை’ என்கிறான். மருமகள் ஆலைப் புகையைச் சொல்கிறாள், பக்கத்து வீட்டம்மா பால்கனிப் புறாவைக் காட்டுகிறார். இப்போது பேரனும் கையைச் சொறிய ஆரம்பித்திருக்கிறான். என்னதான் இது? – ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரியைப் போகிறபோக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பேரனும் சொறிகிறான் என்ற அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே வீட்டில் இரண்டாவது ஆளுக்கும் அரிப்பு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிரங்கை. மருத்துவர்கள் ஸ்கேபிஸ் என்பார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் புகுவதால் வருவது அது. அழுக்காக இருப்பவர்களுக்குத்தான் அது வரும் என்ற எண்ணம் தவறு. தினமும் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும். நெருக்கமாகப் படுத்து உறங்குகிற எந்தக் குடும்பத்துக்கும் வரும்.

பகல் வெளிச்சத்தில் பேரனின் கையை விரித்துப் பாருங்கள். விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்பக்கம், பிறகு இடுப்பில் நாடா கட்டுகிற இடம், தொப்புளைச் சுற்றி. சிறு பருக்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் நீளத்தில், பென்சிலால் லேசாகக் கீறியதுபோல் சாம்பல் நிறக் கோடு தெரிகிறதா? பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் தோண்டிய சுரங்கம் அது. சந்தேகமாக இருந்தால் மருத்துவர் அந்த இடத்தில் பேனா மையைத் தடவி ஸ்பிரிட்டால் துடைப்பார். மற்ற இடத்து மை போய்விடும், சுரங்கத்துக்குள் இறங்கிய மை மட்டும் கோடாக நிற்கும்.

இந்தப் பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பொதுவாக ஒரு மனிதர் உடம்பில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அதனால் நீங்கள் தீப்பெட்டியில் சேர்த்த துகள்களில் அது அகப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை பெரும்பாலும் காய்ந்த தோலும் நூல் பிசிறுமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த மருத்துவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்த்துவிட்டு ‘பூச்சி இல்லை’ என்பதற்கும், பார்க்காமலே சிரிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அவர் சிரித்ததன் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் பூச்சி இருக்கிறது என்று அசைக்க முடியாமல் நம்புகிற ஒரு மனநோய் உண்டு. 1938 இல் ஸ்வீடன் மருத்துவர் எக்போம் அதை விரிவாக எழுதினார். அந்த நோயாளிகள் டப்பாவில் துகள்களோடு வருவது மருத்துவர்களிடையே பிரசித்தம். ஆனால் டப்பாவோடு வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்த நோய் இல்லை. ‘என்னதான் இது’ என்று கேட்கத் தெரிந்த உங்களிடம் அந்த அசையாத நம்பிக்கை எனக்குத் தெரியவில்லை. மகனிடம் இதைக் காட்டுங்கள். பிரமை என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும், அதுவும் தோலையும் ரத்தத்தையும் பார்த்த பிறகு.

சிரங்கு என்று உறுதியானால் சிகிச்சை எளிது. ஆனால் பாதி வீடுகளில் அரைகுறையாகச் செய்து கெடுக்கிறார்கள். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால்வரை, நக இடுக்கு உட்பட, ஓர் இடம் விடாமல் இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டுவைத்தால் பயன் இல்லை. அரிப்பே இல்லாதவர்களும், உங்கள் மகன் உட்பட, வீட்டில் அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும். முதல் தடவை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒன்றும் தெரியாமலே அவர்கள் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். போர்வை, தலையணை உறை, உடுத்திய துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததை மூட்டையாகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு நீடிக்கும். அதற்குப் பயந்து தினமும் களிம்பு பூசினால் களிம்பே தோலை எரித்து அரிக்கவைக்கும்.

அந்த மருந்துக் கடை டியூபை உடனே நிறுத்துங்கள். பெயர் எழுதவில்லை என்றாலும் என்னால் ஊகிக்க முடிகிறது: வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி எல்லாவற்றையும் கலந்த ஒன்றாகத்தான் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், காரணத்தைத் தொடாது. படர்தாமரையாக இருந்தால் அதன் வட்ட உருவத்தையே கலைத்துவிடும். பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. விற்கிறவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிருமிநாசினிக் குளியலும் வேண்டாம். நம் பகுதியில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு கரிக்கிறது. அதோடு கிருமிநாசினியும் சேர்ந்தால் ஐம்பது வயதுக்கு மேல் இயல்பாகவே வறளுகிற தோல் இன்னும் வெடிக்கும். மிதமான சோப்பு, அதிகச் சூடில்லாத நீர், துடைத்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும்.

மருமகளின் புகைக் கணக்கு பாதிதான் சரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தபோது, அந்தத் தண்ணீரில் இறங்கியவர்கள் தோல் எரிச்சலால் அவதிப்பட்டார்கள். அது நேரடியாகப் பட்டதால் வந்தது. வீட்டுக்குள் எல்லாரும் ஒரே காற்றைச் சுவாசிக்க, நான்கு மாதம் உங்களுக்கு மட்டும் அரித்ததற்குப் புகையைக் காரணம் சொல்வது கடினம். புறாவைச் சொன்ன பக்கத்து வீட்டம்மாவை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். கூட்டில் இருக்கும் பறவைச் சிற்றுண்ணிகள், குஞ்சுகள் பறந்துபோன பிறகு இரை தேடி ஜன்னல் வழியே வந்து கடிக்கும். மனித உடம்பில் அவை தங்காது. காலிக் கூட்டை அகற்றிச் சுத்தம் செய்தால் தீரும். மெத்தைத் தையல் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி.

காலில் ஊர்வதுதான் வேறு கதை. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொந்தரவுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரவில் ஒன்றாக வருவதால் ஒன்றாகத் தெரிகின்றன. சிரங்கு முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் செய்யாது. சர்க்கரையால் நரம்புகள் பாதிக்கப்பட்டால் அது முதலில் பாதத்தில்தான் தொடங்கும்: குறுகுறுப்பு, எரிச்சல், பிறகு மதமதப்பு. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து இதே உணர்வு வரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 குறைவை ஈடுகட்ட மருந்து இருக்கிறது. காலை அசைத்தால் அல்லது எழுந்து நடந்தால் ஊர்வது அடங்குகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படியானால் இரும்புச்சத்து குறைவா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சோதனையைக் கண்ணாடி முன்னால் செய்யலாம். முதுகின் நடுவில், கை எட்டாத இடத்தில், தோல் சுத்தமாக இருந்து எட்டுகிற இடமெல்லாம் கீறலாக இருந்தால், நோய் தோலில் இல்லாமல் உடம்புக்குள் வேறெங்கோ இருக்கலாம். ஈரல், சிறுநீரகம், தைராய்டு, ரத்த அணுக்கள் இவற்றின் கோளாறிலும் தடிப்பே இல்லாமல் அரிக்கும்.

ஆகவே பேரனோடு ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளையும் அந்த டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, பி12 ஆகிய பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்; பாதத்தில் தொடு உணர்வையும் சோதிக்கச் சொல்லுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, இரவில் காய்ச்சலும் வியர்வையும் வந்தாலோ, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டாலோ தோல் பிரிவின் முறைக்குக் காத்திருக்காமல் அன்றே பொது மருத்துவரைப் பாருங்கள்.