"வீட்டுக்குப் போனதும் போன் பண்றேன்" என்றேன், அம்மா முகம் மாறிவிட்டது

கேள்வி: எனக்கு 38 வயது. கணவரின் வேலைக்காக வேறு நாட்டுக்கு வந்து 4 வருடங்கள் ஆகின்றன. நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் போன வருடம் கிடைத்துவிட்டது. கணவர் அலுவலகத்தில் நன்றாகக் கலந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் இந்த ஊர்ப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்தவள் போல இருக்கிறேன். திரும்பிப் போகும்போது வேண்டுமே என்று, வாங்கிய ஒவ்வொரு சாமானின் அட்டைப்பெட்டியையும் எடுத்து வைத்திருக்கிறேன். கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட வாங்கவில்லை, பழைய போர்வையைத்தான் கட்டியிருக்கிறேன். "இரண்டு வருடம் போனால் பழகிவிடும்" என்றார்கள். நான்கு ஆகிவிட்டது. இது என் நாடு என்று எப்போதுதான் தோன்றும்? என்னிடம்தான் ஏதாவது கோளாறா?

பின்குறிப்பு: போன விடுமுறையில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். திரும்பும்போது விமான நிலையத்தில், "வீட்டுக்குப் போனதும் போன் பண்றேம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு, பின்குறிப்பிலிருந்து தொடங்கி மறுபடி படித்தேன். இரண்டாம் முறைதான் விஷயம் பிடிபட்டது. பல வருடங்களாகக் கடிதங்கள் படிக்கிறேன். முக்கியமான செய்தியைப் பின்குறிப்பில் போடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

வாய் தவறிவிட்டது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்க்கு முன்பே தெரிந்துவிட்டது, மனசுதான் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இது எப்போது வீடாகும் என்று கேட்கிறீர்கள். அது ஆகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்துதான் உங்களுக்கு மனசு சரியில்லாமல் போயிருக்கிறது. "ஆகவே ஆகாதோ" என்ற கவலையைவிட "ஆகிவிட்டதே" என்ற குற்ற உணர்ச்சிதான் உங்கள் கடிதத்தில் அதிகமாக எனக்குத் தெரிகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

முதலில் அந்த "இரண்டு வருடம்" கணக்கை முடித்துவிடுவோம். ஆளுக்கு ஆள் சொல்லும் இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வின் நிழல் இருக்கலாம். ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்காவில் படித்தும் ஆராய்ச்சி செய்தும் திரும்பிய தன் நாட்டவர் சுமார் 200 பேரிடம் பேசி, 1955-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாக இருந்திருக்கிறார்கள், 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்திருக்கிறார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் திண்டாடியிருக்கிறார்கள் என்றார். மேலே தொடங்கி, கீழே இறங்கி, மறுபடி மேலேறும் ஒரு வளைவு. கேட்க ஆறுதலாக இருந்ததால் அது நிலைத்துவிட்டது. ஆனால் அவர் ஒரே ஆளை மாதாமாதம் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டார். 1990-களில் கொலீன் வார்ட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை ஆரம்பத்திலிருந்தே தொடர்ந்து பார்த்தபோது, தேனிலவு போல இனிக்கும் என்று சொல்லப்பட்ட முதல் நாட்களில்தான் கஷ்டம் மிக அதிகமாக இருந்தது தெரிந்தது. எனவே எல்லோருக்கும் பொதுவான கால அட்டவணை என்று ஒன்று இல்லை. நீங்கள் எந்தத் தேர்விலும் தோற்றுவிடவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் மொழியில் வீடு வேறு, ஊர் வேறு, நாடு வேறு. நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "எப்போது என்னுடையதாகும்" என்று கேட்கிறீர்கள். மூன்றும் ஒரே நாளில் வந்து சேராது.

வீடு சீக்கிரம் வந்துவிடும். இருட்டில் எழுந்தாலும் கை தானாக ஸ்விட்சைத் தொடும். எந்தக் கதவு கிரீச்சிடும் என்று தெரியும். வெளியே போய் அலைந்துவிட்டு வந்தால், சாவியைத் திருப்பும்போதே தோள் தளரும். உங்களுக்கு இது எப்போதோ நடந்துவிட்டது. நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இந்த விஷயத்தின் தொல்லையே இதுதான். அந்நியமாக இருப்பதை நிமிஷத்துக்கு நிமிஷம் உணர்கிறோம். பழகிப்போனதை உணர்வதே இல்லை. "இன்று முதல் இது என் இடம்" என்று ஒரு நாள் காலையில் மணி அடிக்கும் என்று காத்திருந்தால், அது அடிக்காமலே போகும்.

ஊர்தான் கஷ்டம். ஊர் என்றால் தெருக்கள் இல்லையே, நம்மைத் தெரிந்தவர்கள்தானே. பெயரைச் சொன்னால் "ஓ, அவங்களா" என்று கேட்க நாலு பேர் இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு அலுவலகமும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அதைச் சும்மா கொடுத்துவிட்டன. தினம் எட்டு மணி நேரம் ஆட்கள் நடுவில் போட்டு உருட்டினால் யாராக இருந்தாலும் கலந்துதான் போவார்கள். உங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள், நீங்கள் மந்தம் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்குகிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், ஊர் மாறி வந்து 6 மாதத்துக்குள் இருந்தவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. தெரிந்த முகம் ஒன்று சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நட்பு என்று சொல்லச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றார். சேர்ந்து வேலை பார்த்த நேரத்தைவிட, வேலை இல்லாமல் சும்மா கழித்த நேரத்துக்குத்தான் இதில் மதிப்பு அதிகம். இதை உங்கள் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பார்த்தால், நெருங்கிய சிநேகிதியாக எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒருமுறை பார்த்தால் இரண்டே வருடம். "இங்கே மனிதர்கள் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள்" என்று பலர் எனக்கு எழுதுகிறார்கள். பல நேரம் அது மனிதர்களின் குணம் பற்றிய பிரச்சினையே இல்லை, மணிக்கணக்குதான் போதவில்லை. இப்போது உங்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் போனில் கழிகிறது, எத்தனை மணி நேரம் வீட்டு வாசலுக்கு வெளியே கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள். போனைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து இரவு வரை காதில் அந்த ஊரும் கண்ணில் இந்த ஊருமாக இருந்தால், இரண்டிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். பேசுவதற்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் போங்கள். நூலகமோ, மொழி வகுப்போ, பாட்டுக் குழுவோ, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. புதுப்புது இடங்களாகப் போய்ப் புதுப்புது ஆட்களைப் பார்ப்பதால் பயனில்லை. ஒரு வாரம் போகாவிட்டால் "போன வாரம் காணோமே" என்று யாராவது கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வரும்வரை விடாதீர்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். நானும் நாடு மாறியவள்தான். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில், "அவசரத்துக்குப் பெற்றோர் அல்லாத ஒருவரின் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது. எழுத ஒரு பெயர் இல்லை. முதல் வருடம் கணவர் பெயரையே வேறொரு எண்ணோடு எழுதினேன். அலுவலக மேசையில் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தந்து, "இவர் அப்பா ஆயிற்றே" என்றார். அந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாவது வருடம் எதிர்வீட்டுக்காரர் பெயரை யோசிக்காமல் எழுதினேன். எழுதியதையே திரும்பி நடந்து வரும் வழியில்தான் கவனித்தேன். அந்த எதிர்வீட்டுக்காரர் எனக்கு நிறைய உதவியவர். ஆனால் உறவு நிலைத்தது அவர் செய்த உதவிகளால் இல்லை. வெளியூர் போகும்போது அவர் தன் சாவியை என்னிடம் கொடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாரே, அன்றைக்குத்தான். விருந்தாளியிடம் யாரும் வேலை சொல்வதில்லை. நீங்கள் நான்கு வருடமாக நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இனி யாராவது உங்களிடம் ஏதாவது கேட்கும்படி இடம் கொடுங்கள்.

நாடு பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. அது கடைசியில் வரும், சிலருக்கு வராமலே போகும். குடியுரிமை வாங்கிய பிறகும் "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி சில சமயம் வெறும் ஆர்வத்தால் வரும், சில சமயம் கதவைச் சாத்துவதற்காக வரும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு முழுதும் உங்கள் தலையில் இல்லை. அனுமதி கிடைக்கும்வரை முதல் மூன்று வருடம் நீங்கள் ஒட்டாமல் இருந்ததும் நியாயம்தான். காலாவதித் தேதி போட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த மனசு வேர்விடும்? உங்களுக்கு உண்மையான கணக்கு போன வருடம்தான் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இனி அம்மா. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களில் ஓர் இழப்புக்குப் பெயர் வைத்தார். தமிழில் தெளிவில்லாத இழப்பு எனலாம். ஆள் காணாமல் போனாலும் இறந்ததாக உறுதியில்லை, அல்லது ஆள் இருந்தும் கைக்கெட்டவில்லை. அழுது முடிக்க முடியாத இழப்பு இது. நாடு விட்டு வந்தவர்களுக்கும் இதுதான் என்கிறார். உங்கள் அம்மா இருக்கிறார், பிறந்த வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது. எதுவும் போய்விடவில்லை, ஆனால் எதுவும் உங்களிடம் இல்லை. துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள். அந்த அட்டைப்பெட்டிகள் என்னவென்று இப்போது புரிகிறதா? நீங்கள் சேர்த்து வைத்திருப்பது காலிப் பெட்டிகளை இல்லை. "நான் இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை" என்று அம்மாவுக்குத் தினமும் எழுதும் கடிதம் அது. பிரச்சினை என்னவென்றால், அவர் அதைப் பார்ப்பதே இல்லை. இடம் அடைபடுவது உங்களுக்குத்தான்.

ஒன்றை எடுத்தால் இன்னொன்று குறையும் என்று நினைக்காதீர்கள். ஜான் பெர்ரியும் மற்ற ஆய்வாளர்களும் 13 நாடுகளில், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பழையதை விடாமல் புதியதிலும் கலந்துகொண்ட பிள்ளைகளே மனதளவிலும் பள்ளியிலும் நன்றாக இருந்தார்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் அவ்வளவு நன்றாக இல்லை. உங்கள் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு போலத் தோன்றினாலும், எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

இடையில் ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்றால் அது வேறு விஷயம். ஊர் ஞாபகம் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பெட்டிகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடுங்கள். இரண்டு எதற்கு என்றால், எல்லாவற்றையும் ஒரே நாளில் போடச் சொன்னால் நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் அந்த விமான நிலையப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் அது குற்றமாகிவிடும். அவர் முகம் ஏன் மாறியது என்று நமக்கு நிச்சயமாகத் தெரியாது. வருத்தமாக இருக்கலாம், பெண்ணுக்கு ஓர் இடம் அமைந்துவிட்டதே என்ற நிம்மதியும் அதில் கலந்திருக்கலாம். ஒன்று யோசியுங்கள். நான்கு வருடமாக வீடியோவில் அவர் பார்ப்பது உங்கள் முகத்தை மட்டும்தான். நீங்கள் வீடு என்று சொன்ன இடம் அவருக்கு ஒரு சுவரும் அரை நாற்காலியும்தான். தெரியாத இடத்திடம் பெண்ணைப் பறிகொடுத்தால் யாருக்குத்தான் முகம் மாறாது? அடுத்த முறை பேசும்போது போனைத் திருப்பி, வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாகக் காட்டுங்கள். காலையில் வெயில் எந்தப் பக்கம் வரும், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், நீங்கள் போன் பேச எங்கே உட்காருவீர்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடைசியாகக் கூடத்து ஜன்னலுக்கு வாருங்கள். போர்வையைப் பார்த்ததும் திட்டுவார், திட்டட்டும். திரைச்சீலைக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று அவரையே கேளுங்கள்.