கூப்பிட்டால் திரும்பாத ஃபெரெட் குட்டி

உங்கள் ஃபெரெட் குட்டி (ஃபெரெட் என்பது கீரி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) திரும்பாதது பிடிவாதமாக இருக்காது, காது கேட்காமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நெற்றியிலிருந்து பிடரி வரை வெள்ளைப் பட்டை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, தூக்கினால் வெடுக்கென்று கடிக்கிறது என்கிறீர்கள். மூன்றும் வார்டன்பர்க் நோய்க்குறியோடு பொருந்துகின்றன. இந்த மரபணுக் குறைபாட்டில் நிறமிச் செல்கள் உட்காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. அவை இல்லாமல் கேட்கும் செல்கள் பிழைப்பதில்லை. இதற்கு மருந்து கிடையாது.

காது கேட்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அது விழித்திருக்கும்போது, கண்ணில் படாமல் பின்னால் நின்று கீச்சுப் பொம்மையை அழுத்துங்கள். தரையைத் தட்டக்கூடாது, அதிர்வு காலில் தெரிந்துவிடும். தூங்கும்போதும் வேண்டாம்: நன்றாகக் காது கேட்கும் ஃபெரெட்டே உயிரில்லாததுபோல் தூங்கும்.

ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. அதற்கு மூளைத்தண்டின் மின்துடிப்பை அளக்கும் 'பேயர்' சோதனைதான் வழி. அதற்கு முன், காதில் உண்ணியோ அழுக்கு அடைப்போ இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

கடித்தால் தயவுசெய்து அடிக்காதீர்கள், பாவம், அது திடுக்கிட்டுத்தான் கடிக்கிறது. தூக்கும் முன் பக்கத்தில் தரையைத் தட்டி, கையை மோப்பம் பிடிக்க விடுங்கள். கையசைவுகளை விரைவாகவே கற்றுக்கொள்ளும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடவேண்டாம்.