அண்ணாச்சி பதில்கள்: வீடியோவில் பார்த்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: புனேயில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வாடகைக்கு விடுவதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு வீடு வாங்க எண்ணம். "மெடிக்கல் காலேஜ் பக்கம், அருமையான ஏரியா" என்று புரோக்கர் வீடியோ அனுப்பியிருக்கிறார். இப்போதைக்கு நேரில் வர வழியில்லை. ஏரியாவை எப்படி எடைபோடுவது, அண்ணாச்சி?

– ஒரு வாசகர், புனே

பதில்: தம்பி, சித்திரை வெயிலில் எடுத்த வீடியோவில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். நம்ம ஊருக்குப் பரீட்சை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. 2023 டிசம்பர் 17, 18-இல் திருநெல்வேலி ஜங்ஷனிலும் கலெக்டர் ஆபீஸிலும் வெள்ளம் புகுந்ததே, அன்றைக்கு இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விசாரியுங்கள். புரோக்கரிடம் அல்ல, முக்குக் கடைக்காரரிடம்.

தாமிரபரணி ஆறு தள்ளித்தானே இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம். இங்கே கால்வாயும் குளமும், குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் மறுகால் ஓடையும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. புது பஸ் ஸ்டாண்டையே வேய்ந்தான்குளத்தில்தானே கட்டினார்கள்! சர்வே நம்பரை வாங்கி, நிலப் பதிவேட்டையும் வரைபடத்தையும் ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள். வீட்டை ஒட்டின சர்வே நம்பர் ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் எனக்கு அந்த வீடு வேண்டாம். சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவன் சொல்கிறேன்.

அப்புறம் வாடகை. "மெடிக்கல் காலேஜ் பக்கம்" என்பது புரோக்கர் வாயில் நாலு கிலோமீட்டர் வரை நீளும். விற்பவரிடம் கடைசி ஒரு வருஷத்து ஈபி ரீடிங்கைக் கேளுங்கள். ரூபாயைப் பார்க்காதீர்கள், முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சிக்கனமான குடும்பத்துக்கும் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் பில் ஒன்றுபோலவே வரும். யூனிட்டைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட் என்று வரிசையாக இருந்தால், "குடியிருந்தவங்க போன வாரம்தான் காலி பண்ணினாங்க" என்பது சும்மா கதை.

அம்பாசமுத்திரத்தில் சொந்தக்காரர்கள் இருப்பார்களே, ஒருவரை ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவுக்கு அனுப்புங்கள். எத்தனை மாடியில் விளக்கு எரிகிறது, எத்தனை கேட்டில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்குகிறது என்று பார்க்கட்டும். போர் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் வாடகை குறையும், குடிவருகிறவர்களும் நிலைக்க மாட்டார்கள்.

வில்லங்கம், மூலப்பத்திரம், அங்கீகாரம் எல்லாம் வக்கீல் பார்க்க வேண்டியது. டோக்கன் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்தினால், முதலில் ஈபி ரீடிங் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.