மகளை வர்த்தகப் பிரிவுக்கு மாற்ற அவசரப்படாதீர்கள்

வணக்கம் அம்மா,

உயிரியல் மகளுக்கு வராது போலிருக்கிறது, பிரிவை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சனிக்கிழமை அவளுடைய கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கலப் புன்னங்கங்களை நிறப் பென்சிலால் அழகாகக் கீறியிருக்கிறாள். ஆனால் அழுத்தமற்ற அகமுதலுருச் சிறுவலையிலிருந்து (புரதம் செய்யும் இறைபோசோம்கள் ஒட்டிய சவ்வு வலை) கொல்கி உபகரணத்துக்கு (புரதத்தைப் பொதிசெய்து அனுப்பும் இடம்) அம்புக்குறி போடும் இடத்தில், அழித்து அழித்துத் தாளே மெலிந்துபோயிருக்கிறது. ஓரத்தில் சின்னதாக, "எல்லாப் புரதமும் இதுக்குள்ளாலதான் போகுமா?" என்று எழுதியிருக்கிறாள். எவ்வளவு நல்ல கேள்வி! போகாது. கலத்தை நிரப்பியிருக்கும் குழியவுருவில், சிறுவலையில் ஒட்டாமல் தனியே இருக்கும் இறைபோசோம்கள் செய்யும் புரதங்கள் பெரும்பாலும் கலத்துக்குள்ளேயே தங்கிவிடும். அவள் இதை ரியூஷனில் கேட்கக் கூச்சப்பட்டுப் பாடமாக்கப் பார்த்திருக்கிறாள். சிக்கல் அங்கேதான்.

அம்மம்மா சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறார் என்றாள். சரி, அதையே பிடித்துக்கொள்ளட்டும். சதையியின் பீற்றாக் கலத்தில் முதலில் உருவாவது 110 அமினோ அமிலங்கள் உள்ள சங்கிலி. சிறுவலைக்குள் நுழையும்போது முன்துண்டு வெட்டுப்பட்டு 86 ஆகும். அங்கேயே மடிந்து மூன்று இருசல்பைட்டுப் பிணைப்புகளால் கட்டுப்படும். அப்புறம் புடகம் என்ற சின்னச் சவ்வுப் பையில் ஏறிக் கொல்கிக்கு. அங்கிருந்து பிரியும் சுரப்பு மணிகளுக்குள் நடுத்துண்டும் கழன்று, 51 அமினோ அமிலங்களோடு இன்சுலின் வெளியே வரத் தயாராகும். கழன்ற துண்டுதான் சீ-பெப்தைட்டு. ஒருவருடைய சதையி சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அறிய, ஆய்வுகூடத்தில் அதைத்தான் இரத்தத்தில் அளக்கிறார்கள்.

கொழுப்பும் ஏறக்குறைய இதே பாதைதான். தோசைக்கு விட்ட நல்லெண்ணெய் செரித்து உள்ளே வந்ததும், சிறுகுடல் கலத்தின் அழுத்தமான (இறைபோசோம் ஒட்டாத) சிறுவலையில் மறுபடி கொழுப்பாகி, புரதம் போர்த்து, கொல்கி வழியே நிணநீருக்குப் போகும்.

மருத்துவ பீடத்துக்கு மாவட்டவாரியாகக் கேட்கப்படும் இசட் புள்ளியை (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய புள்ளி) நினைத்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று புரிகிறது. கொழும்பு மாவட்டத்தில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் மேலே சொன்ன சீ-பெப்தைட்டு அளவீட்டைப் போன்றவற்றைச் செய்கிற மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தை யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் ஜயவர்தனபுரவிலும் பட்டமாகப் படிக்கலாம். இவளுடைய கேள்வி கேட்கும் குணத்துக்கு அது நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எனக்குள்ள கவலை இரசாயனவியல்தான். இந்த வாரம் இன்சுலினின் பயணத்தைக் கொப்பி பார்க்காமல் அம்மம்மாவுக்குச் சொல்லட்டும். தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த சனி அந்தக் குறிப்போடு இரசாயனவியல் தவணைப் பரீட்சை விடைத்தாளையும் கொடுத்துவிடுங்கள். அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.