அப்பத்தாவுக்குப் பெயர் இல்லையா?

கேள்வி: 94 வயதில் காலமான எங்கள் அப்பத்தாவுக்கு முப்பதாம் நாளன்று நினைவுமலர் வெளியிடுகிறோம். குடும்பத்துக்காகவே மெழுகாய் உருகிய தியாகச் சுடர் அவர். வாழ்க்கைக் குறிப்பை இணைத்துள்ளேன். முகப்புக்கு நான்கு வரிக் கவிதை எழுதித் தர முடியுமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: உங்கள் இரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். தாத்தாவின் பெயர் ஏழு இடங்களில் வருகிறது. மகன்களின் பெயர், அவர்கள் வகித்த பதவி, பேரன் வேலை பார்க்கும் அமெரிக்க நகரம் எல்லாம் இருக்கின்றன. அப்பத்தாவின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. 'அம்மையார்', 'அன்னார்', 'இன்னாரின் துணைவியார்', அவ்வளவுதான்.

1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது சுமார் 28 லட்சம் பெண்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில். சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிந்திருந்ததுதான் காரணம். பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை என்று அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கறாராக இருந்தார். உங்கள் மலர் அவர் மேசைக்குப் போயிருந்தால் அன்றைக்கே திரும்பி வந்திருக்கும்.

அடுத்தது, 'அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த பெருந்தன்மை'. சொத்தில் உரிமை இல்லாதவரிடம், பங்கை விட்டுக்கொடுத்ததாக யாரும் விடுதலைப் பத்திரம் வாங்குவதில்லை, ஐயா. உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் பங்கில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பாத்தியதை உண்டு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. அதனால்தான் அந்தக் கைநாட்டு தேவைப்பட்டது. அவர் மனமுவந்து வைத்தாரா, பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்று வைத்தாரா? உங்கள் அத்தைமார் யாரையாவது கேட்டுவிட்டுப் பெருந்தன்மை என்று அச்சடியுங்கள்.

(94 வயது என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருந்தால், அது பெரும்பாலும் உத்தேசமாகப் போட்ட தேதி. அவர் வயதையொத்த கிழவிகள் ஊரில் இருப்பார்கள். எந்தப் புயலுக்கு, எந்தப் பஞ்சத்துக்கு முன்னே பின்னே என்று அவர்கள் சொல்வார்கள்.)

இவ்வளவு கடிந்துகொண்டாலும், இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் எனக்கு அப்பத்தா கிடைத்துவிட்டார். 'கடைசிவரை குலுக்கையில் (தானியம் கொட்டி வைக்கும் பெரிய மண் கலத்தில்) விதைச் சோளம் வைத்திருந்தார். சாம்பல் கலந்து வைப்பார், யாரையும் தொட விடமாட்டார்' என்கிறீர்கள். இதை ஏதோ கிழவியின் பிடிவாதம்போலச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பேரனின் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். என்ன சோளம் அது, இருங்குச் சோளமா? எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்று எதைப் பார்த்து முடிவு செய்தார்? மழை பொய்த்த வருடம், பிள்ளைகள் பசி என்று நிற்கும்போது, அந்தக் குலுக்கையைத் திறக்காமல் எப்படி இருந்தார்? அதைத் திறந்து தின்றுவிட்டால் அடுத்த வருடம் கரிசலில் விதைக்க ஒன்றும் இராது. வீட்டில் அந்தக் கணக்கு தெரிந்தவர் அவர்தான். ஊரில் யார் யார் அவரிடம் வந்து விதை கடன் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். ஒரு பக்கம் அதற்கே போதாது.

அப்படிப்பட்டவரை 'இல்லத்தரசி' என்று போட்டிருக்கிறீர்கள். மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பயிர் செய்துவந்த பாப்பம்மாளுக்கு, நூறு வயது தாண்டியபின், 2021இல் வேளாண்மைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உங்கள் அப்பத்தாவுக்கு விருதெல்லாம் வேண்டாம். 'விவசாயி' என்ற ஒரு சொல்லைக் கொடுக்கலாம். பட்டா யார் பெயரில் இருந்தாலும் சரி.

கவிதை தருவதாக இல்லை. முகப்பில் அவருடைய பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அதன் கீழே அந்தக் குலுக்கையின் படத்தை வையுங்கள், இதற்குள் இடத்தை அடைக்கிறது என்று உடைத்துப் போட்டிருக்காவிட்டால்.